வல்லூறு: பெயரும் பொருளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் யாராவது வந்து கேட்பார்கள். "அது என்ன, கழுகா?" வல்லூறு என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்படின்னா ஃபால்கன் தானே? அதுக்கு ஏன் அந்தப் பேரு?" பல வருடங்களாகத் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபால்கனுக்குத் தமிழில் சரியான சொல் எது? பருந்தா, கழுகா, ராஜாளியா?

வல்லூறு. பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

பருந்து என்பது வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும் கரும்பருந்து, செம்பருந்து வகை. கழுகு என்ற சொல் இரண்டு பக்கமும் போகும். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கு வந்து சோறு வாங்கிப்போன கழுகுகள் உண்மையில் பிணந்தின்னி இனத்தைச் சேர்ந்தவை. அதே சொல்லை வேட்டையாடும் பெரிய பறவைகளுக்கும் சொல்கிறோம். ராஜாளி இன்னும் குழப்பம். ஒருவர் வல்லூற்றைச் சொல்வார், இன்னொருவர் கழுகைச் சொல்வார். அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய கடற்படை விமானத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ராஜாளி என்று பெயர். அங்கே எந்தப் பறவையை மனதில் வைத்தார்கள் என்பதைவிட, சொல்லின் கம்பீரம்தான் முக்கியமாக இருந்திருக்கும்.

ஆக, ஊர்ப் பெயரை வைத்துச் சண்டை போட வேண்டாம். நீளமான கூர் இறக்கை, கருத்த கண், கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி இறங்கும் கருங்கோடு, மேல் அலகின் ஓரத்தில் பல் போல ஒரு சின்ன முனை. இவை சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வல்லூறுதான்.

'ஃபால்கன்' என்றால் அரிவாள் என்று பொருளாமே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் எல்லாரும் சொல்லும் விதத்தில் இல்லை.

லத்தீனில் 'ஃபால்க்ஸ்' என்றால் அரிவாள். கதிர் அறுப்பது, கிளை கழிப்பது, எல்லா வளைந்த கத்திக்கும் அந்த ஒரே சொல். அதிலிருந்து 'ஃபால்கோ', அதன் வழியே பழைய பிரெஞ்சில் 'ஃபொகோன்', அங்கிருந்து ஆங்கிலம். நடுவில் தொலைந்துபோன 'ல்' ஒலியைப் பின்னால் லத்தீன் படித்தவர்கள் திரும்பச் செருகினார்கள். இவ்வளவும் அகராதிகளில் கிடைக்கும்.

பறவையின் எந்த உறுப்பு அரிவாள் என்று கேட்டால்தான் பதில்கள் பிரிகின்றன. பறக்கும்போது இறக்கை அரிவாள் போல வளைந்திருக்கிறது என்பார்கள் பலர். வளைந்த அலகு என்பார்கள் சிலர். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. காரணம், பழைய சான்று காலைக் காட்டுகிறது.

ஃபெஸ்டஸ் என்ற ரோம அறிஞர் 2-ஆம் நூற்றாண்டில் ஒரு சொல் அகராதி செய்தார். அதை 8-ஆம் நூற்றாண்டில் பவுலுஸ் என்ற துறவி சுருக்கி எழுதினார். அந்தச் சுருக்கத்தில் 'ஃபால்கோனெஸ்' என்பது பறவையே இல்லை! காலின் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்த மனிதர்களை அப்படி அழைப்பார்கள், அரிவாளைப் போல இருப்பதால் என்று விளக்கம். நம் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைப்பதைப் போலத்தான்.

அப்புறம் செர்வியுஸ் வருகிறார். ரோமக் கவிஞர் வர்ஜிலின் காவியத்துக்கு கி.பி. 400 வாக்கில் உரை எழுதியவர். இத்தாலியின் கப்புவா நகரத்துக்கு எப்படிப் பெயர் வந்தது என்று விளக்கும்போது, பழைய இத்தாலிய இனமான எட்ருஸ்கர்கள் ஒரு வல்லூற்றை நிமித்தமாகப் பார்த்து அந்த ஊரை நிறுவினார்கள், அவர்கள் மொழியில் வல்லூறு 'காப்பிஸ்' என்கிறார். கூடவே, கால் கட்டைவிரல் வளைந்தவர்களையும் எட்ருஸ்கர்கள் அதே சொல்லால் அழைத்தார்கள் என்ற கதையையும் சேர்க்கிறார்.

இரண்டு மொழி. இரண்டிலும் ஒரே சொல் வளைந்த கால்விரல்காரனுக்கும் வல்லூற்றுக்கும் பொருந்துகிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வல்லூறு எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குப் புரியும். உகிர்கள், அதாவது கால் நகங்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி அரிவாள்தான்.

ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது என்றும் படித்தேனே?

அந்தக் கட்சியும் இருக்கிறது, வலுவான கட்சிதான். பழைய ஜெர்மனில் 'ஃபால்கோ' என்ற பெயர் ஆட்களுக்கு உண்டு. 'விழுதல்' என்ற வினையிலிருந்தோ, 'வெளிறிய நிறம்' என்ற சொல்லிலிருந்தோ அது வந்திருக்கலாம் என்பார்கள். விழுவது என்றால் மேலிருந்து இரை மீது பாய்ந்து விழுவது.

இந்தக் கட்சிக்கு உதவியாக ஒரு விஷயம்: பறவைப் பொருளில் 'ஃபால்கோ' லத்தீனில் தாமதமாகத்தான் தலைகாட்டுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் ஃபிர்மிகுஸ் மத்தேர்னுஸ் எழுதிய சோதிட நூலில் வேட்டைப் பறவைகள் வளர்ப்பவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் வருகிறது. வல்லூற்றை வைத்து வேட்டையாடும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியதில் ஜெர்மானிய இனக்குழுக்களுக்குப் பங்கு உண்டு. பழக்கத்தோடு சொல்லும் வந்திருக்கலாம் இல்லையா?

வந்திருக்கலாம். ஆனால் கப்புவாக் கதை இருக்கும்வரை நான் அரிவாள் கட்சியில்தான் இருப்பேன்.

அதற்கு முன் ரோமர்கள் இந்தப் பறவையை என்ன சொன்னார்கள்?

'அக்கிப்பிட்டர்.' வல்லூறு, வைரி என்று பிரிக்காமல் எல்லா வேட்டைப் பறவைக்கும் பொதுவான சொல். 'பிடித்தல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததாக ரோமர்களே நினைத்தார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் அதை ஏற்பதில்லை. வேகமாகப் பறப்பது என்பதுதான் பழைய பொருள் என்கிறார்கள். கிரேக்கத்தில் ஹோமர் இந்தப் பறவைக்கு 'வேக இறக்கை உள்ளது' என்று அடைமொழி தருகிறார். வேதத்தில் 'ஆசு பத்வன்', விரைந்து பறப்பது என்று வருகிறது.

இந்த 'ஆசு' நமக்குத் தெரிந்த சொல்தான். கேட்ட மாத்திரத்தில் பாடுகிற கவியை ஆசுகவி என்கிறோமே, அதே ஆசு. காளமேகமும் ரோமர்களின் வல்லூறும் ஒரு சொல்லுக்குள் இப்படிச் சந்திப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஷாஹீன் என்ற பெயரும் இதுதானா?

ஆமாம். பாரசீகச் சொல். 'ஷாஹ்' என்றால் அரசன், ஷாஹீன் என்றால் அரசனுக்குரியது, அரசத் தன்மை உள்ளது. லத்தீன்காரன் உறுப்பைப் பார்த்தான், பாரசீகன் அந்தஸ்தைப் பார்த்தான். 2021 அக்டோபரில் ஓமானைத் தாக்கிய ஷாஹீன் புயலுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது கத்தார் நாடு.

இந்தியாவிலும் இலங்கையிலும் மலைப் பாறைகளில் முட்டையிட்டு ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் வல்லூற்றுக்கும் ஷாஹீன் என்றுதான் பெயர். வயிறு செங்கல் நிறம், முதுகு கருஞ்சாம்பல். இலங்கையின் சிகிரியாப் பாறை அதற்குப் பேர்போன இடம். ஓவியம் பார்க்க ஏறுகிறவர்கள் நிமிர்ந்தும் பார்க்கலாம்.

ஷாபாஸ் என்று பெயர் வைக்கிறார்களே, அதில் உள்ள 'பாஸ்' வேட்டைக்கு வளர்க்கும் பறவையைக் குறிக்கும் இன்னொரு பாரசீகச் சொல். நாம் கைதட்டிச் சொல்கிற 'சபாஷ்' அதிலிருந்து வந்ததா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் இல்லை. 'ஷாத் பாஷ்', சந்தோஷமாக இரு என்ற வாழ்த்து சுருங்கியதுதான் சபாஷ்.

பைரி, வைரி என்கிறார்களே?

அரபியில் 'பஹ்ர்' என்றால் கடல். கடற்கரைப் பக்கம் வரும் பெரிய வல்லூற்றைப் பாரசீகத்திலும் உருதுவிலும் 'பஹ்ரி' என்றார்கள், கடலுக்குரியது என்ற பொருளில். நம் வாயில் அது பைரி ஆனது. வைரி என்றும் மாறியபோது பகைவன் என்ற பொருளுள்ள வடசொல்லோடு ஒலி ஒன்றாகிவிட்டது. கோழிக்குஞ்சு தூக்குகிற பறவைக்குப் பகைவன் என்ற பெயர் பொருத்தம்தானே என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை போலிருக்கிறது. இன்று பலர் வைரி என்பது சிறிய வேட்டைப் பறவையான சிக்ராவை. அது வல்லூறு இனமே இல்லை. சிக்ரா என்பது 'ஷிகார்', வேட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது.

சங்க இலக்கியத்தில் வல்லூறு உண்டா?

'எழால்' என்ற பெயரில் உண்டு. உரைகாரர்கள் அதைப் புல்லூறு என்று விளக்குவார்கள். குறுந்தொகை 151-ஆம் பாட்டு. எழால் பாய்ந்ததால் துணையைக் காணாமல் சிவந்த காலுடைய பேடை ஒன்று குழல் இசை போன்ற குரலில் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. பொருள் தேடப் போகும் தலைவன் கடக்க வேண்டிய மலைவழி அது. பாடியவர் வேட்டையைக் காட்டவே இல்லை. வேட்டைக்குப் பிறகு காட்டில் மிச்சமிருக்கும் ஒற்றைக் குரலைத்தான் காட்டுகிறார். இதை எழுதியவர் எங்கோ நின்று காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று சிபி கதை. புறாவுக்காகத் துலாக்கோலில் ஏறியவன். மகாபாரதத்தில் புறாவைத் துரத்துவது 'சியேனம்'. தமிழில் சேனம் என்று வரும். புறநானூறு 43 அதைப் பருந்து என்கிறது. கூரிய உகிருடைய பருந்துக்குத் தப்பி வந்த புறா. பாட்டில் குறை சொல்ல நான் யார்? ஆனால் இன்று நாம் பருந்து என்கிற பறவை செத்த எலிக்கும் மீன் குடலுக்கும் அலைவது. பறக்கும் புறாவைத் துரத்தி மடியில் விழ வைக்கும் வேலை வல்லூற்றுக்குத்தான் பொருந்தும்.

வல்லூறு என்ற சொல்லைப் பிரிக்க முடியுமா?

வல் என்றால் வலிமை, ஊறு என்றால் தீங்கு. வலிய தீங்கு செய்வது என்று எளிதாகப் பிரித்துவிடலாம். எளிதாக இருப்பதாலேயே எனக்குத் தயக்கம். பக்கத்திலேயே 'புல்லூறு' இருக்கிறது. வல்லுக்கு எதிர்ச்சொல்லாகப் புல், அதாவது சிறுமை. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு பறவைகளைப் பிரித்துச் சொல்லவே இந்த ஜோடி பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

பெரிக்ரின் என்றால் என்ன?

வழிப்போக்கன், வெளியூர்க்காரன். வயல்களைக் கடந்து வருகிறவன் என்ற லத்தீன் சொல். பாறை இடுக்கில் இருக்கும் கூட்டை எட்டிக் குஞ்சை எடுப்பது கடினம். அதனால் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் வலசை போகும் வழியில் வைத்துப் பிடித்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பறவை, எனவே வெளியூர்க்காரன். 1771-இல் டன்ஸ்டல் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் அதை அறிவியல் பெயராக்கினார். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் பெரிக்ரினும் வடக்கே வெகுதூரத்திலிருந்து வருவதுதான், ஆக நமக்கும் அது வெளியூர்க்காரனே.

மற்ற வல்லூறுகளின் பெயர்கள்?

எல்லாவற்றையும் சொன்னால் முடியாது. எனக்குப் பிடித்தவை மட்டும்.

கெஸ்ட்ரல், பிரெஞ்சில் கிலுகிலுப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அதன் அறிவியல் பெயரான 'டின்னுன்குலுஸ்' என்பதும் கிணுகிணுக்கும் குரலைத்தான் சொல்கிறது. மெர்லின் என்ற வல்லூற்றுக்கும் அதே பெயருள்ள மந்திரவாதிக்கும் சம்பந்தம் இல்லை. ஆமூர் வல்லூறு ருசியாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடும் ஆமூர் ஆற்றின் பெயரைத் தாங்கியது. புறா அளவுகூட இல்லாத இந்தப் பறவை, நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் அக்டோபர், நவம்பரில் லட்சக்கணக்கில் இறங்கி, பிறகு இந்தியப் பெருங்கடலைத் தாண்டித் தென் ஆப்பிரிக்கப் பக்கம் போகிறது. 2012-இல் டோயாங்கில் வலைவைத்து ஆயிரக்கணக்கில் பிடித்த செய்தி வெளியானது. அடுத்த வருடமே அந்த ஊர் மக்கள் வேட்டையை நிறுத்தினார்கள்.

ஹாபி என்று ஒரு வல்லூறு உண்டு, அறிவியல் பெயர் ஃபால்கோ சப்புட்டியோ. இங்கிலாந்தில் பீட்டர் அடால்ஃப் என்பவர் மேசைக் கால்பந்து விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஹாபி' என்று பெயர் பதியப் பார்த்தார். பொழுதுபோக்கு என்ற பொதுச்சொல்லைப் பதிய முடியாது என்றார்கள். பறவை பிரியரான அவர் உடனே 'சப்புட்டியோ' என்று வைத்துவிட்டார்.

நம் பக்கத்துப் பெயர் எதுவும் அறிவியல் பெயராகவில்லையா?

ஆகியிருக்கிறது. லக்கர் வல்லூற்றின் பெயர் ஃபால்கோ ஜக்கர். இந்தியில் பெண் பறவை லக்கர், ஆண் பறவை ஜக்கர். அந்த ஆண் பெயர் அறிவியலுக்குப் போய்விட்டது. சேக்கர் வல்லூற்றின் அறிவியல் பெயரான 'செர்ருக்' என்பதும் இந்தி வேட்டைக்காரர்கள் வாயிலிருந்து போனதுதான். இரண்டையும் 1834-இல் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் எழுதி வைத்தார். சேக்கர் என்ற பொதுப்பெயர் அரபியின் 'ஸக்ர்'. செந்தலை வல்லூற்றின் 'சிக்குவேரா' என்ற பெயர் சிக்ராவின் பிரெஞ்சு உச்சரிப்பு என்றே சொல்கிறார்கள். பனைமரத்தில் காக்கை விட்டுப்போன கூட்டில் குடியேறும் பறவைக்குப் பாரிஸ் வழியாக வேறொரு பறவையின் பெயர்!

ஃபால்கன் என்றால் பெண் பறவை மட்டும்தான் என்கிறார்களே?

வேட்டைக்காரர்கள் பேச்சில் அப்படித்தான். பெண்தான் பெரியது, வலுவானது, அதனால் இனத்தின் பெயர் அதற்கு. ஆண் பறவைக்கு 'டெர்சல்' என்று தனிப்பெயர். மூன்றில் ஒன்று என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆண் மூன்றில் ஒரு பங்கு சிறியது என்று கணக்கு. இந்தியாவிலும் இதே வழக்கம். வல்லூறு இனம் இல்லாத கோஷாக் என்ற வேட்டைப் பறவையில் பெண் 'பாஸ்', ஆண் 'ஜுர்ரா'.

துப்பாக்கிக்கும் வல்லூறுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. பழைய பீரங்கிகளுக்கு ஃபால்கன், ஃபால்கனெட், சேக்கர் என்று வேட்டைப் பறவைகளின் பெயர்களை வைத்தார்கள். மஸ்கட் துப்பாக்கியின் பெயரும் ஒரு சின்ன வேட்டைப் பறவையின் இத்தாலியப் பெயர் வழியே வந்தது. அந்தப் பறவைப் பெயரின் மூலம் 'ஈ' என்ற சொல். ஈயிலிருந்து பறவை, பறவையிலிருந்து துப்பாக்கி!

ஹயபூசா பைக்?

இளைஞர்கள் தவறாமல் கேட்பது. ஹயபூசா என்பது ஜப்பானிய மொழியில் பெரிக்ரின் வல்லூறு. முதல் பகுதியான 'ஹய' வேகத்தைக் குறிக்கும். 1999-இல் சுசுகி அந்த வண்டியை விட்டபோது உலகில் வேகமான உற்பத்தி பைக் அதுதான். பறவை செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும், வண்டியும் அதைத் தொட்டது. இடோகாவா என்ற குறுங்கோளின் தூசியை 2010-இல் பூமிக்குக் கொண்டுவந்த ஜப்பானிய விண்கலத்துக்கும் ஹயபூசா என்றே பெயர். ஆனால் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பெயர் பறவையிடமிருந்து நேராக வரவில்லை, ஒரு ஹாலிவுட் படத்தின் விண்கப்பலிடமிருந்து வந்தது.

வல்லூறு கழுகுக்குச் சொந்தக்காரனா?

இல்லை. நானும் நீண்டநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2008-இல் வந்த மரபணு ஆய்வு வல்லூறுகளைக் கழுகு, பருந்துக் கூட்டத்திலிருந்து பிரித்துக் கிளிகளுக்கும் சிட்டு வகைகளுக்கும் பக்கத்தில் வைத்தது. கிளியின் பங்காளி! வளைந்த அலகும் உகிரும் இரண்டு குடும்பங்களிலும் தனித்தனியாக உருவானவை. கொல்லும் முறைகூட வேறு. கழுகு காலால் நெரித்துக் கொல்லும். வல்லூறு காலால் பிடித்து, அலகில் இருக்கும் அந்தப் பல் முனையால் கழுத்தெலும்பை முறிக்கும்.

எங்கே பார்க்கலாம்?

குளிர்காலத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெரிக்ரின் வரும். நீர்ப்பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் மேலே பாருங்கள். ஷாஹீனுக்கு நீலகிரி மாதிரி செங்குத்துப் பாறை உள்ள மலைகளுக்குப் போக வேண்டும். நகரத்தில் செல்போன் கோபுரம், உயரமான கட்டடம், கோயில் கோபுரம் என்று புறா கிடைக்கும் எந்த இடத்திலும் ஒரு கண் வைக்கலாம்.

ஒன்றை வாங்கி வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது, பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். வளைகுடா நாடுகளில் கையில் வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்து இதைக் கேட்கிறார்கள். அங்கே அது பழைய மரபு. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2010-இல் சேர்ந்தது, பறவைக்குத் தனி மருத்துவமனைகூட உண்டு. இங்கே அடிபட்ட பறவை கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி இருட்டாக்கி, வனத்துறையைக் கூப்பிடுங்கள். தூக்கும்போது தடிமனான துண்டு வேண்டும். அலகைவிட அந்தக் காலுக்குத்தான் பயப்பட வேண்டும்.